சின்ன விமானமும் பெரிய சங்கமும்

விமானி என்றால் நம் வீடுகளில் தனி மரியாதை. கல்யாணப் பேச்சில் "பையன் பைலட்" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் விசாரிப்பதில்லை. அந்த வேலையிலும் மேல்வரிசை, கீழ்வரிசை உண்டு. ஒரே வானத்தில் பறப்பவர்களுக்குள் "உன் சங்கம் வேறு, என் சங்கம் வேறு" என்ற சண்டையும் உண்டு. இதையெல்லாம் என் அக்காள் மகள் விமானியான பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அவள் சுங்கைப்பட்டாணியில் பிறந்து வளர்ந்தவள். இப்போது வேலை வெளிநாட்டில். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அவள் ஓட்டுவது சுமார் எழுபது பேர் அமரக்கூடிய, இறக்கைக்கு ஒன்றாகச் சுழல்விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம். பெரிய நகரத்திலிருந்து சிறிய ஊர்களுக்குப் போய்வரும் ரகம். அந்தச் சின்ன நிறுவனத்துக்கு ஒரு தாய் நிறுவனம் இருக்கிறது. அங்கே பெரிய ஜெட் விமானங்கள். பயணச்சீட்டில் அச்சாகியிருப்பது தாய் நிறுவனத்தின் பெயர்தான்; பயணிகளுக்கு வித்தியாசம் தெரியாது. சம்பளச் சீட்டைப் பார்த்தால் தெரியும்.

விமானிகளுக்குப் பெரும்பாலும் பறக்கும் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் பணம். விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து மீண்டும் வந்து நிற்கும்வரை ஓடுவதுதான் கடிகாரம். பெரிய ஜெட்டில் ஒருமுறை ஏறினால் ஏழெட்டு மணி நேரம் ஓடும். சின்ன விமானத்தில் நாற்பது நிமிடம் பறந்து, இறங்கி, அரை மணி நேரம் நின்று, மறுபடி நாற்பது நிமிடம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை ஏற்றம் இறக்கம். "பதினோரு மணி நேரம் வேலையில் இருக்கிறேன் மாமா. கணக்கில் வருவது ஐந்து மணி நேரம்" என்றாள் சென்ற தீபாவளிக்கு வந்திருந்தபோது. நிற்கிற நேரம் அவள் கணக்கு. பறக்கிற நேரம்தான் கம்பெனி கணக்கு.

தாய் நிறுவனத்து விமானிகளுக்குப் பழைமையான, பலமான சங்கம் இருக்கிறது. "எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று இவர்கள் கேட்டிருக்கிறார்கள். "பார்க்கலாம்" என்று பதில் வந்து இரண்டு வருடமாகிறது. இவர்களில் பாதிப் பேர் காத்திருப்போம் என்கிறார்கள். மீதிப் பேர், தனிச் சங்கம் அமைத்துத் தாய்ச் சங்கத்தோடு மோதியே பார்த்துவிடுவோம் என்கிறார்கள். அவளிடமும் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். "தாத்தா சங்கத்துக்காரர்தானே? அந்தக் காலத்தில் இப்படி வந்தால் என்ன செய்தார்கள்?" என்று என்னைக் கேட்டாள்.

அந்தக் காலத்தில் நடந்ததை அவளுக்குச் சொன்னேன். அது பெருமைப்பட்டுக்கொள்ளும் கதை அல்ல. ஆனாலும் இன்றைக்குக் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன்.

தோட்டப்புறச் சங்க வரலாற்றில் கெடாவுக்குத் தனி இடம் உண்டு. போருக்குப் பிறகு, 1947இல், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து வட்டாரத்தில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. தோட்ட நிர்வாகத்தோடும் போலீசோடும் மோதல் வந்தது; உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு, 1948இல், காலனி அரசு தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி, வெவ்வேறு தொழில்களைச் சேர்ந்தவர்கள் ஒரே கூட்டமைப்பில் சேர முடியாதபடி செய்தது. ஒத்த தொழில் செய்பவர்கள்தான் ஒரே சங்கத்தில் இருக்கலாம் என்ற அந்த எண்ணம் 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திலும் தொடர்ந்தது.

இதற்கிடையில் 1954இல் பல தோட்டச் சங்கங்கள் இணைந்து தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. நாராயணன் அதை வழிநடத்தினார். பால்மரம் வெட்டுகிறவர்களும் வெளிக்காட்டு வேலைக்காரர்களும் அதில். கிராணி, டிரசர், கண்டக்டர் போன்ற பணியாளர்களுக்கு வேறு சங்கம். லயத்துக்காரர்கள் ஒரு பக்கம், கிராணி வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம். பெரட்டுக்களத்தில் நிற்பதிலும் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்குவதிலும் இருந்த பிரிவு சங்கத்திலும் இருந்தது. இருந்தாலும் ஆளுக்கொரு சங்கம் இருந்தது. யாருக்கும் பேச ஆளில்லை என்ற நிலை இல்லை.

அந்த நிலை குத்தகையாட்களோடு வந்தது.

எங்கள் தோட்டம் சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில். அப்பா பால்மரம் வெட்டியவர், தோட்டக் கமிட்டியில் செயலாளர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு குத்தகைக்காரர் லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்கினார். மறுநடவுக்காக வெட்டிச் சாய்க்கப்போகிற கிழட்டு மரங்களை அவர்களுக்குக் கொடுத்தார்கள். நாள் சம்பளம் கிடையாது, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மழை பெய்தால் அன்றைக்கு ஒன்றுமில்லை. ஊழியர் சேமநிதி, சொக்சோ, சம்பளத்தோடு விடுமுறை எதுவும் கிடையாது. வந்தவர்களில் வெளியூர்க்காரர்கள் மட்டும் இல்லை, எங்கள் சின்னம்மாவும் இருந்தார். கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போய், சித்தப்பா இறந்தபின் பிள்ளைகளோடு எங்கள் லயத்துக்கே திரும்பியவர். நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கவில்லை; குத்தகைக்காரரிடம் பெயர் கொடுத்தார்.

ஒரே வீட்டிலிருந்து விடியற்காலையில் இரண்டு பேர் வாளியோடு கிளம்புவார்கள். அம்மாவின் நெரைக்குச் சங்கம் பேசி முடித்த கூலி. பத்து நெரை தள்ளி நின்று வெட்டும் சின்னம்மாவுக்குக் குத்தகைக்காரர் சொன்னதுதான் கூலி. சட்டப்படி சின்னம்மாவின் முதலாளி தோட்டம் இல்லை, குத்தகைக்காரர். தோட்ட முதலாளிகளோடு சங்கம் போட்ட கூட்டு ஒப்பந்தம் அவரை எட்டவில்லை.

கமிட்டிக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. அப்பா வீட்டில் வந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன். குத்தகையாட்களையும் சங்கத்தில் சேர்க்க வழி பார்க்கலாம் என்று ஓரிருவர் சொன்னார்கள். பலர் ஒப்புக்கொள்ளவில்லை. "சந்தா கட்டாதவனுக்கு நாம் ஏன் பேச வேண்டும்?" என்றார்கள். "அரைக்கூலிக்கு வெட்டி நம் கூலியைக் கெடுக்கிறவர்கள் இவர்கள்தானே?" என்றார்கள். "இவர்களுக்காகப் போராடினால் நமக்குக் கிடைக்க வேண்டியது குறையும்" என்றார்கள். பேசியவர்கள் கெட்டவர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக வாங்கிய அடிக்குப் பிறகு கையில் கிடைத்த கொஞ்சத்தைப் பத்திரப்படுத்தப் பார்த்தார்கள்.

நிர்வாகம் ஒருவரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு நிரந்தர ஆள் எடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நெரை குத்தகைக்குப் போனது. கிழட்டு மரம் மட்டும் என்று தொடங்கியது பத்து வருடத்தில் நல்ல மரம்வரை வந்தது. சம்பளப் பேச்சுக்குப் போகிறபோதெல்லாம், "இதைவிடக் குறைவாக வெட்ட ஆள் இருக்கிறது" என்பது எதிர்த்தரப்பின் பதிலாக இருந்தது. அந்தக் குறைந்த கூலி எங்கோ இல்லை; பக்கத்து நெரையில் இருந்தது.

பிறகு தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. 1980ஆம் ஆண்டுப் பணிநீக்கச் சலுகை விதிமுறைப்படி, ஐந்து வருடத்துக்குமேல் வேலை செய்தவர்களுக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் கிடைக்கும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கிடைத்தது. சின்னம்மா அதே மண்ணில் பதினான்கு வருடம் வெட்டியவர். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அப்பா சங்கத்துக்குக் கடைசிவரை விசுவாசமாக இருந்தார். அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் அவர் பேசமாட்டார்.

அக்காள் மகள் இதைக் கேட்டுவிட்டு, "எங்கள் கதை இதேதான், வாளிக்குப் பதில் விமானம்" என்றாள். இதே கதை பைலட்கள் நடுவிலேயே இரண்டு பெரிய நாடுகளில் நடந்திருக்கிறது.

முதலாவது இந்தியா. வெளிநாடுகளுக்குப் பறந்தது ஏர் இந்தியா. உள்நாட்டில் பறந்தது இந்தியன் ஏர்லைன்ஸ். 2007இல் அரசு இரண்டையும் இணைத்தது. நிறுவனம் ஒன்றானது, விமானிகள் ஒன்றாகவில்லை. பெரிய விமானம் ஓட்டியவர்களுக்கு இந்தியன் பைலட்ஸ் கில்ட் என்ற சங்கம். உள்நாட்டு விமானிகளுக்கு இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன். சம்பள முறையும் வேறு வேறு. ஏர் இந்தியா விமானிகளுக்கு நிகரான சம்பளம் கேட்டு உள்நாட்டு விமானிகள் 2011 ஏப்ரல் கடைசியில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பத்து நாள் நீடித்தது. நிர்வாகம் அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தைப் பறித்தது.

அடுத்த வருடம் முறை மாறியது. புதிய போயிங் 787 விமானங்கள் வரவிருந்தன. அதற்கான பயிற்சியை உள்நாட்டுப் பிரிவு விமானிகளுக்கும் பகிர்ந்து கொடுப்பது என்று முடிவானது. தங்கள் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று கில்ட் விமானிகள் எதிர்த்தார்கள். 2012 மே மாதம் தொடங்கிய போராட்டம் 58 நாள் நடந்தது. அவர்கள் சங்கத்தின் அங்கீகாரமும் போனது. பலருக்கு வேலையும் போனது.

இதில் பைலட்களின் பதற்றத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு விமானிக்கு மூப்புப் பட்டியலில் இருக்கும் எண்தான் வாழ்க்கை. எந்த விமானம், எந்த ஊர், எந்த மாதம் விடுமுறை, எப்போது கேப்டன் எல்லாவற்றையும் அந்த எண்தான் தீர்மானிக்கும். கேப்டன் இருக்கைக்காகப் பல வருடம் காத்திருப்பவருக்கு, வேறு பட்டியலிலிருந்து ஒருவர் வந்து முன்னால் நின்றால் வயிறு எரியத்தான் செய்யும். தோட்டத்தில் நல்ல நெரைக்காகக் காத்திருந்தவரின் வயிற்றெரிச்சலும் இதுதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டா குழுமத்தின் கைக்குப் போனது. 2023 ஏப்ரலில் புதிய வேலை ஒப்பந்தம் வந்தது. குறிப்பிட்ட அனுபவத்துக்குப் பிறகு கேப்டன்களை நிர்வாகத் தரப்பில் சேர்ப்பது அதில் ஓர் அம்சம். நிர்வாகத் தரப்புக்குப் போனவர் தொழிலாளி என்ற கணக்கிலிருந்து விலகிவிடுவார் என்று விமானிகள் அஞ்சினார்கள். பத்து வருடத்துக்கு முன் எதிரெதிரே நின்ற அதே இரண்டு சங்கங்களும் சேர்ந்து ரத்தன் டாட்டாவுக்கு முறையீடு அனுப்பின. 1,500க்கும் அதிகமான விமானிகள் அதில் கையெழுத்திட்டார்கள். 2011இலோ 2012இலோ இப்படிச் சேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தனித்தனியே நின்றபோது இருவருமே அங்கீகாரத்தை இழந்தார்கள்.

இரண்டாவது அமெரிக்கா. அங்கே இருந்தது வேறு சிக்கல். 1931இல் தொடங்கிய ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷனில் பெரிய டெல்டா நிறுவனத்து விமானிகளும் இருந்தார்கள்; டெல்டாவின் கைக்குள் இருந்த சின்ன காமேர் நிறுவனத்து விமானிகளும் இருந்தார்கள். ஒரே சங்கம், ஒரே சந்தா. ஆனால் பெரிய நிறுவனத்து விமானிகளின் ஒப்பந்தத்தில் 'ஸ்கோப்' என்று ஒரு பிரிவு உண்டு. இத்தனை இருக்கைக்கு மேற்பட்ட விமானத்தைச் சின்ன நிறுவனங்களுக்குக் கொடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். தங்கள் வேலை மலிவான கைகளுக்குப் போகாமல் தடுக்க அவர்கள் கட்டிய வேலி அது. வேலிக்கு வெளியே நின்றவர்களும் அதே சங்கத்தின் உறுப்பினர்கள்.

2001இல் காமேர் விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே வருடம் சின்ன நிறுவனத்து விமானிகள் சிலர் தங்கள் சொந்தச் சங்கத்தின்மீதே வழக்குப் போட்டார்கள். "எங்களிடம் சந்தா வாங்கிக்கொண்டு, எங்கள் வளர்ச்சியைத் தடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள்" என்பது அவர்களின் குறை. 2012இல் காமேர் மூடப்பட்டது. ஒரே சங்கத்தில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பேச்சுவார்த்தை மேசையில் இடம் வேண்டும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

இதெல்லாம் பைலட்களின் உள்வீட்டுச் சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் என்ற சின்ன நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அது பறந்தது கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயர் தாங்கி. விமானிகள் தவறாகக் கையாண்டதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. சின்ன நிறுவன விமானிகளின் களைப்பு, குறைந்த சம்பளம், வேலைக்கு வரவே நாட்டின் குறுக்கே பயணம் செய்யும் நிலை எல்லாம் அந்த விசாரணையில்தான் ஊர் அறிய வெளியே வந்தன. கீழ்வரிசைக்குப் பேச ஆளில்லாவிட்டால் அதன் விலையைப் பயணியும் கொடுக்க வேண்டிவரும்.

நம் நாட்டு விமானத் துறைக்கும் இந்த வலி புதிதல்ல. 1979இல் மலேசிய விமான நிறுவனத்தில் வந்த தொழில் தகராறில் சங்கத் தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிக்கப்பட்டார்கள். விமான ஊழியர் சங்கத்தின் பதிவு ரத்தானது. பிறகு நிறுவனத்துக்குள் மட்டும் இயங்கும் சங்கம் வந்தது. பல வருடம் கழித்து விமானப் பணியாளர்கள், "எல்லாரும் இருக்கும் சங்கத்தில் எங்கள் குரல் கேட்கவில்லை" என்று தங்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டார்கள்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2024 செப்டம்பர் 15இல் நடப்புக்கு வந்த தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் ஒத்த தொழில் என்ற பழைய கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. இனி ஒரே வேலையிடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கலாம். இது கதவையும் திறக்கும், பிளவையும் திறக்கும். வெளியே நிற்பவர்களை உள்ளே அழைக்க இப்போது சட்டத்தைக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. அழைக்காவிட்டால் அவர்கள் பக்கத்திலேயே வேறு கடை விரிப்பார்கள். நிர்வாகம் இரண்டு கடையிலும் விலை விசாரிக்கும்.

இந்தச் சிக்கலைத் தோட்டத்தோடும் விமானத்தோடும் நிறுத்திவிட முடியாது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஒரே வரிசையில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பேரில் ஒருவர் கம்பெனி ஆளாகவும் இன்னொருவர் ஏஜென்சி ஆளாகவும் இருக்கலாம். மருத்துவமனையில் துப்புரவு செய்பவர், பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பாதுகாவலர் எல்லாரும் யாரோ ஒரு குத்தகைக்காரரின் ஆட்கள். இதைப் படிக்கும் இளையவர்களில் பலர் நிரந்தர வேலையில் இருப்பீர்கள். உங்கள் ஒப்பந்தம் அடுத்த தடவை பேசப்படும்போது, பக்கத்து மேசையில் உங்கள் வேலையையே குறைந்த சம்பளத்துக்குச் செய்பவரைப் பற்றியும் ஒரு வரி கேளுங்கள். தர்மத்துக்காக என்று வேண்டாம். உங்கள் சம்பளத்துக்கு அடியில் இருக்கும் தரை அவருடைய சம்பளம்தான்.

அக்காள் மகளுக்கு நான் சொன்னதும் இந்த அளவுதான். மூப்புப் பட்டியலை இப்போதைக்குக் கலக்க வேண்டாம். மேலே இருப்பவர்களின் பயம் அதில்தான் இருக்கிறது. அவர்கள் எண் அவர்களிடம் இருக்கட்டும். தரையில் நிற்கும் நேரத்துக்குப் பணம், ஓய்வு நேரம், ஒரு நாளைக்கு இத்தனை இறக்கம்தான் என்ற வரம்பு, இவற்றை மட்டும் இரண்டு பக்கமும் சேர்ந்து கேளுங்கள். சின்ன நிறுவனத்தைப் பற்றிய எந்த முடிவும் அங்கே பறப்பவர்களின் வாக்கு இல்லாமல் எடுக்கக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். அதற்கும் ஒப்பவில்லை என்றால் தனிச் சங்கத்துக்குக் கையெழுத்துப் போடு. ஆனால் பெரிய சங்கத்தோடு பேசும் வழியை மட்டும் அடைத்துவிடாதே.

"அவர்கள் மேலே இருக்கிறார்கள் மாமா. கதவைத் திறக்க வேண்டியது அவர்கள்தானே?" என்றாள்.

உண்மைதான். கீழே இருப்பவர் எத்தனை தடவை தட்டினாலும் தாழ்ப்பாள் உள்ளே இருப்பவர் கையில்தான். அடுத்த மாதம் தாய்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். சின்ன விமானத்து ஆட்கள் ஐந்து பேரைப் பார்வையாளர்களாக உட்கார விடச் சம்மதித்திருக்கிறார்களாம். பேச நேரம் தருவார்களா என்பது இன்னும் தெரியவில்லை. அந்த ஐந்து பேரில் இவளும் ஒருத்தி.